பென்சிலோடு வாசித்தல்: பாலினமும் பாலீர்ப்பும் புரிய ஒரு வழி

இரண்டு ஆண்டுகள் புத்தகம் புத்தகமாகப் படித்தேன். அடிக்கோடு போட்டேன், மூடி வைத்தேன், தெளிவு வரவில்லை. படித்த வரிக்குப் பதில் எழுதத் தொடங்கிய பிறகுதான் வழி பிடிபட்டது.

முதலில், உண்மை வாழ்க்கையைப் பேசும் எழுத்தை எடுங்கள். திருநங்கையர் எழுதிய தன்வரலாறுகள் தமிழிலேயே உள்ளன. எனக்குக் கைகொடுத்தது 2014 ஏப்ரல் 15 அன்று மாற்றுப் பாலினத்தவர் உரிமை பற்றி உச்ச நீதிமன்றம் வழங்கிய நல்சா தீர்ப்பு; வழக்குத் தொடுத்த தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் ஆங்கிலச் சுருக்கம்தான் நல்சா. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலம்தான்; நாளுக்கு இரண்டு பத்தி போதும்.

அடுத்து ஒரு நோட்டு, ஒரு பென்சில். பேனா வேண்டாம், செல்பேசியும் வேண்டாம். இன்றைய பதில் அடுத்த மாதம் மாறலாம். அழிக்கலாம் என்று தெரிந்தால்தான் கை துணிந்து எழுதுகிறது.

இப்போது பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. நான் இடறியது இங்கேதான். ஒரு பெண்ணை விரும்பியதால் நான் ஆணோ என்று மாதக்கணக்கில் குழம்பினேன். தீர்ப்பின் 19ஆம் பத்தி பாலின அடையாளத்தை விளக்குகிறது. 20ஆம் பத்தி பாலீர்ப்பை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த இரவில்தான் அந்தக் கோட்டைப் போட்டேன். இடப்பக்கம்: நான் என்னை யாராக உணர்கிறேன்? வலப்பக்கம்: மனம் யாரிடம் போகிறது? படிக்கும் வரி எந்தப் பக்கத்துக்கு உரியது என்று பார்த்து, உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒன்றை அங்கே எழுதுங்கள். என் இடப்பக்கத்தில் முதலில் விழுந்தது: "பெண்கள் வரிசையில் நிற்க ஒருநாளும் கூசியதில்லை." வலப்பக்கத்தில்: "அவள் விடுதியைக் காலி செய்த அன்று சோறு இறங்கவில்லை." ஒரு பக்கம் வெறுமையாகவே கிடந்தாலும் குறையில்லை. யார்மீதும் ஈர்ப்பு தோன்றாதவர்களும் இருக்கிறார்கள்.

சொல் கிடைக்காமல் திணறினால், 2022இல் தமிழ்நாடு அரசிதழில் வந்த, பாலினம், பாலீர்ப்பு சார்ந்த சொற்பட்டியலைத் தேடிப் பாருங்கள். காதலித்த இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கின் தொடர்ச்சியாக வந்தது அது. அந்த வழக்கில் 2021இல் உத்தரவிடும் முன் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தாமே உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டார். எனக்கு அது பெரிய தைரியம் தந்தது.

பின்சேர்ப்பு: நோட்டு வீட்டில் யார் கையிலாவது சிக்கினால் என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். தனித்தாளில் பத்தி எண்ணை மட்டும் குறியுங்கள்: "19 - சரி", "20 - இன்னும் யோசிக்க வேண்டும்". தீர்ப்பு கையில் இல்லாதவருக்கு அது வீட்டுப்பாடக் கணக்குப் போலத்தான் தெரியும்.