ஹை வாட்ஸ் லைட் போடணுமா? முதலில் வயரிங்கைச் சரிசெய்யுங்கள்

100 வாட்ஸ் ஹாலஜன் லைட் இரண்டை வாங்கி, ஏற்கெனவே இருக்கிற ஹெட்லைட் வயரிலேயே ஒட்டுப் போட்டு இழுத்துவிடுகிறவர்கள் நிறைய பேர். லைட் எரியத்தான் செய்யும், ஆனால் மஞ்சளாக, மங்கலாக எரியும். போகப்போக ஸ்விட்ச் சூடாகும், கனெக்டர் இளகும், ஒருநாள் வயர் கருகிப் புகை வரும். லைட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, கரண்ட் வருகிற பாதைதான் போதவில்லை. அந்தப் பாதையைப் புதிதாகப் போடுவதுதான் வேலையே. பொறுமை இருந்தால் புதியவரும் செய்துவிடலாம்.

முதலில் கணக்கு

வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது லைட்டுக்கு 13.5 வோல்ட் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 200 வாட்ஸுக்குச் சுமார் 15 ஆம்பியர். 55 வாட்ஸ் ஹெட்லைட் பல்பு ஒன்று எடுப்பது 4 ஆம்பியர்தான், கம்பெனி வயரும் ஸ்விட்சும் அந்த அளவுக்குப் பார்த்துப் போட்டவை. அதன் தலையில் இன்னொரு 15 ஆம்பியரை ஏற்றக் கூடாது.

அடுத்த கேள்வி, இந்த 15 ஆம்பியரை ஆல்டர்னேட்டர், அதாவது இன்ஜின் சுற்றும்போது கரண்ட் உற்பத்தி செய்கிற கருவி, தருமா என்பது. அதன் மேல் எழுதியிருக்கிற ஆம்பியர் இன்ஜின் நல்ல வேகத்தில் சுற்றும்போது கிடைப்பது, ஐட்லிங்கில் அவ்வளவு வராது. அதனால் ஒரு சோதனை செய்யுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட், ஏசி, வைப்பர் எல்லாவற்றையும் போட்டு, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 13.5க்கு மேல் நின்றால் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இப்போதே 13க்குக் கீழே இறங்குகிறது என்றால் புது லைட்டுக்கு இடமில்லை. பெரிய பேட்டரி போட்டால் சரியாகிவிடும் என்பார்கள், ஆகாது, பேட்டரி சேமித்து வைக்கும், உற்பத்தி செய்யாது. வாட்ஸ் குறைந்த எல்இடிக்கு மாறலாம், இல்லையென்றால் அதிக ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போடலாம். ஆல்டர்னேட்டரை மாற்றினால், அதிலிருந்து பேட்டரிக்கு வரும் கேபிள், இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை, பேட்டரி நெகட்டிவ் கேபிள் மூன்றையும் தடிமனாக்க வேண்டும், அதைத் தவிர்க்க முடியாது. பைக் வைத்திருப்பவர்கள் 200 வாட்ஸ் ஹாலஜனை யோசிக்கவே வேண்டாம், எல்இடிதான் சரி.

வயர்

வெளிச்சம் கிடைப்பதும் போவதும் இங்கேதான். ஹாலஜன் பல்புக்குப் போகும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும். பேட்டரியிலிருந்து லைட்டுக்கு 3 மீட்டர், திரும்பி வர 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 சதுர மி.மீ. வயரில் 15 ஆம்பியர் போனால் வழியிலேயே ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். அதே தூரத்துக்கு 4 சதுர மி.மீ. போட்டால் 0.4 வோல்ட்தான் போகும். பேட்டரியிலிருந்து ரிலே (சின்ன கரண்டைக் கொண்டு பெரிய கரண்டை ஆன், ஆஃப் செய்கிற ஸ்விட்ச்) வரைக்கும் 4, அங்கிருந்து ஒவ்வொரு லைட்டுக்கும் 2.5 என்று தனித்தனியாக இழுத்தால் நிம்மதி.

வாங்கும்போது ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் நல்ல வயர். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு போட்டது, சீக்கிரம் அரிக்கும், சூடாகும், வேண்டாம்.

ஃபியூஸும் ரிலேயும்

ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. அதனால் அது பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், லைட் பக்கத்தில் வைத்தால் நடுவில் வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆகும்போது அதனால் எந்தப் பயனும் இல்லை. 15 ஆம்பியர் லோடுக்கு 20 ஆம்பியர் ஃபியூஸ், பிளேடு வகையில் மஞ்சள் நிறம். போய்விட்டால் காரணத்தைத் தேடுங்கள், தயவுசெய்து 30ஐப் போட்டு ஓட்டாதீர்கள்.

ரிலேயை 40 ஆம்பியராக வாங்குங்கள். ஹாலஜன் இழை குளிர்ந்திருக்கும்போது ஒரு கணம் பல மடங்கு கரண்டை இழுக்கும், சின்ன ரிலேயின் காண்டாக்ட் அதில் ஒட்டிக்கொள்ளும். அடியில் ஒவ்வொரு காலுக்கும் நம்பர் போட்டிருக்கும். 30க்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் வயர். 87லிருந்து லைட்டுக்கு. 85 எர்த். 86க்கு ஸ்விட்ச் வயர். ஐந்து கால் ரிலே என்றால் நடுவில் 87ஏ இருக்கும், ரிலே ஆஃபில் இருக்கும்போது கரண்ட் வருவது அதில்தான், அதைத் தொடாமல் விடுங்கள். கால்கள் கீழே பார்க்கும்படி மாட்டினால் தண்ணீர் தேங்காது.

86க்கு வரும் வயரை ஹைபீமிலிருந்து எடுத்து, உள்ளே ஒரு ஸ்விட்ச் வழியாகக் கொண்டுவாருங்கள். ரிலே காயில் 0.2 ஆம்பியர் அளவுக்குத்தான் எடுக்கும் என்பதால் மெல்லிய வயரே போதும். இப்படிச் செய்தால் எதிரே வண்டி வரும்போது டிம் செய்தவுடன் கூடுதல் லைட்டும் சேர்ந்தே அணையும். எதிரே வருகிறவர் கண் கூசி நம்மேல் வந்து மோதுவதற்காகவா லைட் போடுகிறோம்? உங்கள் ஊர்ச் சட்டம் சாலையில் எத்தனை லைட்டை, எந்த உயரத்தில் அனுமதிக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். புது வண்டிகளில் ஹைபீமை கம்ப்யூட்டர் துடிப்பு துடிப்பாக இயக்கும், ரிலே கடகடவென்று அடித்துக்கொள்ளும். அப்படியானால் வயரிங் படத்தைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

மாட்டுவது

பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். வயர் சைலன்சர் பக்கமோ ஃபேன் பக்கமோ போகக் கூடாது. தகடு ஓட்டை வழியாகப் போகிற இடத்தில் ரப்பர் வளையம், மற்ற இடமெல்லாம் ஸ்லீவ், ஒரு சாணுக்கு ஒரு டேக் (வயரைக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை). முறுக்கி டேப் சுற்றுவது இணைப்பே இல்லை. வயர் முனையில் லக் என்கிற உலோக முனையை வைத்து, கிரிம்ப் செய்து, அதாவது அதற்கான கருவியால் இறுக நசுக்கி, கையால் பலமாக இழுத்துப் பாருங்கள், கழன்று வந்தால் இப்போதே வரட்டும்.

எர்த் பாயிண்டில் பெயிண்டைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரிகிற வரை தேய்க்க வேண்டும். லக்கை முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். பேட்டரி நெகட்டிவ் முனையிலேயே சென்சார் உள்ள வண்டி என்றால் எர்த்தை அந்த முனையில் கொடுக்கக் கூடாது, சேசிஸில்தான் கொடுக்க வேண்டும்.

அளந்து பாருங்கள்

லைட் எரிகிறது என்று பானெட்டை மூடிவிடாதீர்கள். இன்ஜின் ஓட, லைட் எரிய, மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரி பாசிட்டிவிலும் மற்றொன்றை லைட்டின் பாசிட்டிவிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவதுதான் வழியில் தொலைகிற வோல்டேஜ். நெகட்டிவிலும் அப்படியே. இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல வேலை. அதிகமாக இருந்தால் ஃபியூஸ் ஹோல்டரின் இரு பக்கம், ரிலேயின் 30க்கும் 87க்கும் நடுவில், ஒவ்வொரு லக்கிலும் என்று அளந்துகொண்டே போங்கள். எங்கே எண் குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு.

அப்புறம் இருபது நிமிடம் எரியவிட்டு ஃபியூஸ் ஹோல்டரையும் ரிலே சாக்கெட்டையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த இணைப்பைப் பிரித்து மறுபடி செய்யுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு எர்த் போல்ட்டையும் லைட் பிராக்கெட் நட்டையும் இன்னொரு தடவை முடுக்கிவிடுங்கள்.