சாக்கடை பொங்குகிறதா? புதிய இணைப்பை நிறுத்துவதற்கு முன்

பாதாள சாக்கடைப் பராமரிப்புதான் என் வேலை. மேன்ஹோல் பொங்கியதும் “பெரிய குழாய் போடுங்கள்” என்று கிளம்புபவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். முதலில் அளந்து பாருங்கள்.

மழையில்லாத நாளில், அதிகாலை 2 முதல் 4 மணிக்குள் பம்பிங் ஸ்டேஷனுக்கு வரும் அளவைக் குறியுங்கள். ஊர் தூங்கும்போதும் ஓட்டம் குறையவில்லையா? இரவில் ஓடும் ஆலை எதுவும் இல்லையென்றால், அநேகமாக விரிசல் வழியே நிலத்தடி நீர் புகுகிறது. மழை தொடங்கியதும் ஓட்டம் எகிறினால், பெரும்பாலும் மொட்டைமாடித் தண்ணீரை யாரோ சாக்கடையில் விட்டிருக்கிறார்கள். குழாய்க்குள் புகை செலுத்துங்கள். எந்த வீட்டு மழைநீர்க் குழாயில் புகை வருகிறதோ, அதுதான். வேர், அடைப்பை கேமரா காட்டும். ஆளை உள்ளே இறக்கவே இறக்காதீர்கள். சாக்கடையில் உருவாகும் விஷவாயுவான ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் அதன் நாற்றமே மூக்குக்குத் தெரியாது.

சரி, இவற்றைச் சரிசெய்த பிறகும் உச்ச நேரத்தில் குழாயில் இடமில்லையா? நெருக்கடியான குழாயில் வந்து சேரும் பகுதிக்கு மட்டும் புதிய இணைப்பை நிறுத்துங்கள், ஊர் முழுக்க வேண்டாம். அனுமதி வாங்கிவிட்டு இன்னும் இணையாத கட்டடங்களையும் கணக்கில் சேருங்கள். இது எளிதில் விட்டுப்போகும். பெரிய கட்டடமென்றால், கழிவுநீரைத் தொட்டியில் பிடித்து நள்ளிரவுக்குப் பின் விடச் சொல்லலாம். அப்புறம், தொட்டியில் காற்றூட்டம் இருக்கட்டும், இல்லாவிட்டால் அழுகி நாறும்.