ஜெர்மனியில் கடைக்குப் போகுமுன் காதுக்குப் பழக்க வேண்டிய ஜெர்மன்

கடைக்காக ஜெர்மன் படிப்பவர்கள் பெரும்பாலும் கேள்விகளைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். விலை என்ன, அரிசி எங்கே என்று கேட்பது சுலபம். கடைக்காரர் திருப்பிக் கேட்கும்போதுதான் முழிக்க வேண்டிவரும். ஆகவே நாம் சொல்ல வேண்டியதை ஏழெட்டு வாக்கியங்களோடு நிறுத்திக்கொண்டு, அவர்கள் கேட்கப்போவதைக் காதுக்குப் பழக்குங்கள்.

உச்சரிப்பில் இரண்டு விஷயம். ‘இஷ்’ (நான்) என்று இங்கே எழுதியிருப்பதில் ‘ஷ்’ அழுத்தமாக வராது. ‘இ’ சொல்லும்போது நாக்கு இருக்கும் இடத்திலேயே வைத்துக் காற்றை மட்டும் விடுங்கள். சொல்லின் கடைசியில் வரும் ‘எ’ பாதி விழுங்கியதுபோல ஒலிக்கும்.

சிறிய கடைக்குள் நுழைந்ததும் ‘ஹலோ’ அல்லது ‘கூட்டன் டாக்’ சொல்லிவிட வேண்டும்; பேசாமல் உள்ளே போவது மரியாதைக் குறைவாகத் தெரியும். கிளம்பும்போது ‘ச்சூஸ்’.

பொருளைத் தேட ஒரே அச்சு போதும்: ‘வோ ஃபிண்டெ இஷ் ரைஸ்?’ (அரிசி எங்கே இருக்கும்?). ரைஸ் இருக்கும் இடத்தில் ட்ஸுக்கர் (சர்க்கரை), ஸால்ட்ஸ் (உப்பு), மில்ஷ் (பால்), லின்ஸன் (பருப்பு) என்று மாற்றிக்கொள்ளலாம். ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால், பெண்பால், அஃறிணைப்பால் உண்டு. தொடக்கத்தில் எல்லோரும் தடுமாறும் இடம் அது. இந்த அச்சில் இப்படிப்பட்ட பொருள்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை.

பேக்கரியிலும் இறைச்சி, சீஸ் விற்கும் இடத்திலும் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். ‘இஷ் ஹெட்டெ கெர்ன்’ (எனக்கு வேண்டும்) என்று தொடங்கி அளவையும் பொருளையும் சொல்லுங்கள்: ‘இஷ் ஹெட்டெ கெர்ன் ட்ஸ்வைஹுண்டர்ட் க்ராம் கௌடா’ (எனக்கு 200 கிராம் கௌடா சீஸ் வேண்டும்). உடனே ‘ஆம் ஷ்டூக் ஓடர் கெஷ்னிட்டன்?’ என்பார்கள்: முழுத்துண்டாகவா, சீவியா? வேண்டியதை அப்படியே திருப்பிச் சொன்னால் போதும். தராசில் கொஞ்சம் கூடிவிட்டால் ‘டார்ஃப்ஸ் எட்வாஸ் மேர் ஸைன்?’ என்று கேட்பார்கள். சம்மதம் என்றால் ‘யா’. பிறகு ‘ஸோன்ஸ்ட் நொஹ் எட்வாஸ்?’ (வேறு ஏதாவது?) வரும். ‘நைன், டாஸ் இஸ்ட் ஆலஸ்’ (இல்லை, அவ்வளவுதான்) என்று முடியுங்கள். சந்தையில் ‘ஐன் ஃபுண்ட் டொமாட்டன்’ என்றால் சரியாக அரைக் கிலோ தக்காளி.

அதிகம் பேரைக் கவிழ்ப்பது எண்கள்தான். 21 முதல் 99 வரை ஒன்றின் இடம் முதலில் வரும், பத்தின் இடம் பிறகு. 53 என்பது ‘ட்ரை உண்ட் ஃபுன்ஃப்ட்ஸிஷ்’, அதாவது மூன்றும் ஐம்பதும். ‘ட்ரை’ காதில் விழுந்ததுமே மனம் முப்பது என்று எழுதிவிடுகிறது. முதல் எண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு கடைசி அசைக்குக் காத்திருக்கப் பழகுங்கள். அந்தக் கடைசி அசையிலும் ஒரு குழி: ‘ஃபிர்ட்ஸேன்’ 14, ‘ஃபிர்ட்ஸிஷ்’ 40. விலைச்சீட்டுகளைப் பார்த்து வாய்விட்டுப் படிப்பதைவிட நல்ல பயிற்சி கிடையாது. 4,53 என்பதை ‘ஃபீர் ஒய்ரோ ட்ரை உண்ட் ஃபுன்ஃப்ட்ஸிஷ்’ என்று படிக்க வேண்டும். அங்கே காற்புள்ளிதான் தசமப் புள்ளி. புள்ளி வைத்து 1.299 என்று இருந்தால் அது ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

கல்லாவில் எல்லாம் வேகமாக நடக்கும். பொருள்களை நீங்களேதான் பையில் போட வேண்டும். பின்னால் வரிசை நிற்கும். முழு வாக்கியத்தையும் பிடிக்க முயலாமல் ஒரு சொல்லைப் பிடியுங்கள். ‘புங்க்டெ’ காதில் விழுந்தால் சலுகைப் புள்ளி அட்டை இருக்கிறதா என்கிறார்கள்: ‘நைன், டாங்க்கெ’ (இல்லை, நன்றி). ‘பார் ஓடர் மிட் கார்ட்டெ?’ என்றால் ரொக்கமா, அட்டையா. ‘போங்’ என்றால் ரசீது வேண்டுமா என்று அர்த்தம். ‘பாஸண்ட்’ என்றால் சரியான சில்லறை இருக்கிறதா என்று. புரியாவிட்டால் ‘நொஹ் ஐன்மால், பிட்டெ’ (இன்னொரு முறை சொல்லுங்கள்).

இங்கே ஒரு எச்சரிக்கை. ஏதாவது வேண்டுமா என்று கேட்கும்போது வெறும் ‘டாங்க்கெ’ என்று சொன்னால் ‘வேண்டாம்’ என்றே எடுத்துக்கொள்வார்கள். வேண்டும் என்றால் ‘யா, பிட்டெ’. பை கேட்டு வாங்க ‘ஐனெ டூட்டெ, பிட்டெ’.

தண்ணீர், குளிர்பான பாட்டில்களில் அலமாரி விலைக்கு மேல் ‘ஃபாண்ட்’ என்ற முன்பணம் சேரும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட். காலி பாட்டிலை நசுக்காமல், லேபிளைக் கிழிக்காமல் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும். அதைப் பணம் கட்டும் முன்பே கல்லாவில் கொடுத்துவிடுங்கள்.

துணிக்கடையில் ‘இஷ் ஷௌஎ நூர்’ (சும்மா பார்க்கிறேன்) என்பதும், ‘கான் இஷ் டாஸ் ஆன்ப்ரோபீரன்?’ (போட்டுப் பார்க்கலாமா?) என்பதும் போதும். மாற்றிக்கொள்ள ‘இஷ் மோஷ்டெ டாஸ் உம்டௌஷன்’ என்று சொல்லிக் காரணத்தைச் சேர்க்கவும்: ‘ட்ஸு க்ளைன்’ சிறியது, ‘ட்ஸு க்ரோஸ்’ பெரியது, ‘காபுட்’ பழுது. கடையில் நேரில் வாங்கிய பொருள் பிடிக்கவில்லை என்பதற்காக மாற்றிக் கொடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. பெரும்பாலான கடைகள் தாமாகவே ஒரு கெடு வைத்து மாற்றித் தருகின்றன. பழுதான பொருள் என்றால் உரிமையோடு கேட்கலாம். இரண்டுக்கும் ‘காஸன்போங்’ (கல்லா ரசீது) கையில் இருப்பது நல்லது. அதனால் கல்லாவில் ரசீது வேண்டுமா என்று கேட்டால் துணிக்கும் மின்சாதனத்துக்கும் ‘யா, பிட்டெ’ என்றே சொல்லுங்கள்.