லட்சங்களைத் தாண்டி ஓடிய எஸ்யூவியைக் குடும்ப வண்டியாக நம்புவது எப்படி?

பழைய எஸ்யூவி ஒன்றை வாங்கப் பார்க்கிறீர்கள், ஓடோமீட்டர் 2 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பிள்ளைகளைப் பள்ளியில் விட, வேலைக்குப் போக, பெரியவர்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக, எல்லாவற்றுக்கும் இந்த எஸ்யூவி ஒன்றுதான். தினமும் நம்பி ஏறலாமா?

ஏறலாம். அதற்கு முதலில் வண்டியின் பாகங்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். கெட்டால் உயிருக்கே ஆபத்து தருபவை: பிரேக், ஸ்டீயரிங், டயர், பால் ஜாயிண்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் மூட்டு), சீட் பெல்ட். கெட்டால் நடுரோட்டில் நிறுத்திவிடுபவை: டைமிங் பெல்ட் (எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் பட்டை), வாட்டர் பம்ப், ரேடியேட்டர், ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்வது), பேட்டரி, எரிபொருள் பம்ப். கெட்டாலும் எரிச்சல் மட்டும் தருபவை: பவர் விண்டோ, கதவு ரப்பர், டேஷ்போர்டு கிறீச்சிடுவது. மூன்றாவது வகைதான் கண்ணுக்கு முதலில் படும், அதனால் பணமும் அங்கேதான் முதலில் போகும். முதல் இரண்டையும் முடித்துவிட்டு அங்கே வாருங்கள்.

படி 1: வண்டியின் வரலாற்றைப் படியுங்கள்

இரண்டு வண்டிகள் ஒரே தூரம் ஓடியிருக்கலாம், ஆனால் தேய்மானம் ஒன்றாக இருக்காது. நெடுஞ்சாலையில் நீளமாக ஓடிய வண்டியில் எஞ்சின் முழுதாகச் சூடாகி, ஆயிலில் சேரும் ஈரமும் எரிபொருள் துளிகளும் ஆவியாகிப் போயிருக்கும். தினமும் ஐந்து நிமிடம் மட்டும் ஓடிய வண்டியில் அவை ஆயிலிலேயே தங்கிவிடும். அதனால் அதிகம் ஓடிய வண்டி சில சமயம் குறைவாக ஓடியதைவிட நல்ல நிலையில் இருக்கும்.

பழைய சர்வீஸ் பில்களைக் கேட்டு வாங்குங்கள். ஒரு வேலைக்குப் பில் இல்லையென்றால் அந்த வேலை நடக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "எல்லாம் மாத்தியாச்சு" என்ற வாய்வார்த்தையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சேசிஸ் எண்ணை வைத்து, நிறுவனம் திரும்ப அழைத்த குறைபாடு ஏதாவது சரிசெய்யப்படாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக்குகள் இதற்குப் பெரிய உதாரணம். பையை ஊதவைக்க உள்ளே இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் கெட்டு, ஏர்பேக் விரியும்போது உலோகத் துண்டுகள் சிதறின. பல நிறுவனங்களின் கோடிக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. குடும்பம் உட்காரும் வண்டியில் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 2: குளிர்ந்த எஞ்சினைப் பாருங்கள்

இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் முதல் முறையாக ஸ்டார்ட் செய்யும்போதுதான் அதன் உண்மை நிலை தெரியும். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) சந்தேகப்படுங்கள். டைமிங் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி (டைமிங் செயின்) உள்ள எஞ்சினில் முதல் சில நொடிகள் கடகடவென்று சத்தம் வந்தால், செயின் நீண்டிருக்கலாம் அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கலாம்.

அப்புறம் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டச் சொல்லுங்கள். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பது மட்டும் போதாது. யாராவது கோளாறுக் குறியீடுகளை அழித்துவிட்டு வண்டியைக் காட்டியிருக்கலாம். அப்படி அழித்தால் வண்டியின் சுயபரிசோதனைகள் "முடியவில்லை" என்று ஸ்கேனரில் தெரியும். அவை முடிய சில நாள் ஓட்டம் தேவை.

வண்டியைத் தூக்கி அடிப்பகுதியையும் பாருங்கள். மேலோட்டமான துரு பரவாயில்லை. சேசிஸில், சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடங்களில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே இறங்குகிறது என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

படி 3: எல்லாவற்றையும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குங்கள்

வாங்கிய முதல் மாதத்தில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை இது. முந்தைய உரிமையாளர் எதை எப்போது மாற்றினார் என்று ஊகித்துக்கொண்டிருக்காமல், எல்லாத் திரவங்களையும் ஒரே சுற்றில் மாற்றிவிட்டால் இனிமேல் கணக்கு உங்கள் கையில்.

*டைமிங் பெல்ட்:* உங்கள் எஞ்சினில் பெல்ட்டா, செயினா என்று தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால் பெரும்பாலும் 1 லட்சம் முதல் 1.6 லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வார்கள். சரியான எண் கையேட்டில் இருக்கும். குறைவாக ஓடினாலும் ரப்பருக்கு வயதாகும் என்பதால் ஆண்டுக்கணக்கும் உண்டு. பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் இடித்து எஞ்சினே போய்விடும். வாட்டர் பம்ப் அதே பெல்ட்டில் ஓடுகிறதென்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் அதே வேலையை மறுபடி பிரித்துச் செய்ய நேரிடும்.

*கூலிங்:* வயதான வண்டியைக் கொல்வதில் சூட்டுக்குத்தான் முதலிடம் என்பேன். அலுமினிய ஹெட் ஒருமுறை அதிகம் சூடானாலே வளைந்துவிடக்கூடும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரங்கள் வயதாகி விரிசல் விடும், ஹோஸ்கள் ஊதிப்போகும், கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் சிக்கிக்கொள்ளும். இவற்றோடு ரேடியேட்டர் மூடியையும் மாற்றுங்கள். அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலன்ட் சீக்கிரம் கொதிக்காமல் இருக்கிறது. நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்காதீர்கள், கையேட்டில் உள்ள வகையை வாங்குங்கள். வெவ்வேறு வகைகள் கலந்தால் கசடு கட்டலாம். கலக்காத கூலன்ட் என்றால் வழக்கமாக டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி.

இன்னொன்று: பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். அது உள்ளே ஓட்டையானால் கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போய்விடும். பழைய ரேடியேட்டரை மாற்ற இது மட்டுமே போதுமான காரணம்.

*கியர் ஆயில்:* "பழைய ஆட்டோமேட்டிக்கில் ஆயிலைத் தொடாதே, தொட்டால் போய்விடும்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். கருகின வாடை அடித்து, கியர் வழுக்கும் அளவுக்கு வந்த கியர்பாக்ஸ் ஏற்கெனவே தேய்ந்துபோனது. புது ஆயில் அதைக் காப்பாற்றாது. கியர் ஒழுங்காக விழும் வண்டியில் ஆயிலை வடித்து, வடிந்த அளவுக்குப் புதிதாக ஊற்றுங்கள், சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து இன்னொரு முறை அதையே செய்யுங்கள். அழுத்தம் கொடுத்துக் கழுவும் முறை வேண்டாம். சிவிடி (தனித்தனி கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக்) என்றால் அதற்கென்றே உள்ள ஆயில்தான்.

*டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ்:* முதலாவது இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடுவது, இரண்டாவது நால்சக்கர இயக்கத்தில் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிப்பது. எஸ்யூவி வாங்கியவர்கள் பலர் மறக்கும் இடம். இரண்டிலும் ஆயில் உண்டு, அதையும் மாற்றுங்கள். தேவைப்படும்போது மட்டும் போடும் நால்சக்கர இயக்கம் உள்ள வண்டியில், மாதம் ஒருமுறை மண் பாதையில் அதைப் போட்டுச் சிறிது தூரம் ஓட்டினால் பாகங்கள் இறுகாது. காய்ந்த தார்ச்சாலையில் போடக் கூடாது.

*பிரேக் ஆயில்:* காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம் இது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கலாம். ஆளும் சுமையும் ஏற்றிக்கொண்டு நீளமான மலை இறக்கத்தில் வரும்போது இந்த வித்தியாசம் பெடலில் தெரியும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

படி 4: டயரும் சஸ்பென்ஷனும்

எஸ்யூவி உயரமானது, கவிழும் வாய்ப்பு காரைவிட அதிகம். தேய்ந்த ஷாக் அப்சார்பரும் பழைய டயரும் அந்த ஆபத்தைக் கூட்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் பத்து ஆண்டைத் தொட்ட டயரை வைத்துக்கொள்ளாதீர்கள். எப்போதும் நால்சக்கர இயக்கத்தில் ஓடும் வண்டியில் நான்கு டயரும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் சுற்றளவு மாறி, டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடாகும்.

பின் சீட் பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், பூட்ட வேண்டும். குழந்தை இருக்கை வைப்பீர்கள் என்றால் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் துருப்பிடிக்காமல் இருக்கின்றனவா என்று சீட் இடுக்கில் விரலை விட்டுத் தேடுங்கள்.

படி 5: வாரம் பத்து நிமிடம்

சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பிறகு ஆயில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். நிறைய ஓடிய எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிக்கும். அது எவ்வளவு என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. ஊற்றிய அளவையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கூலன்ட் அளவு, டயர் காற்று, நின்ற இடத்தில் புதிய கசிவு, இவ்வளவுதான். எஞ்சின் நிற்கும்போது பேட்டரி 12.6 வோல்ட், ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட் காட்டினால் சரி. ஓடும்போதும் 13க்குக் கீழே நின்றால் ஆல்டர்னேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 6: எப்போது நிறுத்த வேண்டும்

வண்டியை ஓட்டும் எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் பாதுகாப்பான ஓரம் பார்த்து உடனே எஞ்சினை அணையுங்கள், "வீடு பக்கத்தில்தானே" என்று ஓட்டாதீர்கள். வெப்பமானி ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகப் போட்டு ஓரம் கட்டுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகத்தில் கொதிநீர் அடிக்கும். எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாகப் போய் ஸ்கேன் செய்யலாம். விட்டுவிட்டு மின்னினால் சிலிண்டரில் எரியாத எரிபொருள் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அதை உருக்கிக்கொண்டிருக்கிறது, நிறுத்துங்கள். பிரேக் பெடல் மெத்தென்று கீழே இறங்கினால் வண்டியை மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.