பழைய கேமுக்கு 60 எஃப்பிஎஸ் போதும்ங்க

ஏனுங்க, காந்திபுரத்துல புது கிராபிக்ஸ் கார்டும் நொடிக்கு 144 தடவை படம் மாத்தற 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் வாங்கியாந்து 2011ல வந்த ஸ்கைரிம் கேமை போட்டா, ரூமுக்குள்ள போனதுமே தட்டு முட்டெல்லாம் பறக்குதா? கார்டு மேல தப்பில்லீங்க. அந்த கேமோட பிசிக்ஸ் கணக்கு, அதாவது பொருளு எப்படி விழுவணும் நகரணும்ங்கற கணக்கு, ஃப்ரேம் ரேட்டோட (நொடிக்கு எத்தனை படம் வருதுங்கறது, அதைத்தான் எஃப்பிஎஸ்னு சொல்றது) கட்டிக்கெடக்குது, 60க்கு மேல போனா கணக்கு கோணிக்கும், அவ்ளோதான். ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் கேம்லயும் ஃப்ரேம் ரேட்டு ஏறாம புடிச்சு வெக்கற ஃப்ரேம் லிமிட்டரை ஆஃப் பண்ணுனா நீச்சல் நகராது, கார் ரிவர்ஸும் சரியா எடுக்காது. டார்க் சோல்ஸ் 2 இன்னும் கொடுமை, 60ல ஓட்டுனா 30ல தேயறதை விட ரெண்டு மடங்கு வேகத்துல ஆயுதம் தேஞ்சுட்டு இருந்துச்சு, 2015லதான் சரி பண்ணுனாங்க.

செய்ய வேண்டியது, என்விடியா கன்ட்ரோல் பேனல்ல மேனேஜ் 3டி செட்டிங்ஸ் போயி, புரோகிராம் செட்டிங்ஸ்ல அந்த கேமை மட்டும் எடுத்து மேக்ஸ் ஃப்ரேம் ரேட்டை 60னு வெச்சுருங்க, குளோபல்ல வெச்சா எல்லா கேமும் 60லயே நின்னுக்கும் பாத்துக்கங்க. வேற கம்பெனி கார்டுன்னா ரிவாட்யூனர்ங்கற சாஃப்ட்வேர்ல பண்ணலாம். ஃப்ரேம் ரேட்டை மானிட்டர் வேகத்தோட சேத்து ஓட்டற விசின்க் மட்டும் போட்டா பத்தாதுங்க, 144 மானிட்டர்ல அது 144லதான் நிக்கும். சான் ஆண்ட்ரியாஸுக்கு இதெல்லாம் வேண்டாம், கேமுக்குள்ளயே லிமிட்டரை ஆன் பண்ணுனா போதும்.