கேள்வி கேட்கும் பிள்ளையிடம் நாம் செய்யும் தவறுகள்

"எறும்பெல்லாம் ஏம்ப்பா ஒரே வரிசையில போகுது?" என்று என் மகள் கேட்டாள். போனை எடுத்துத் தேடி, முன்னால் போகிற எறும்பு வாசனைத் தடம் விட்டுப் போகும், பின்னால் வருவது அதை முகர்ந்துகொண்டே வரும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். "சரிப்பா" என்று போய்விட்டாள். பேச்சு அதோடு நின்றுவிட்டது.

ரெண்டு நாள் கழித்து அடுப்படிச் சுவரில் மறுபடி வரிசை. இந்த முறை ஈரத்துணியை அவள் கையில் கொடுத்து, குறுக்கே ஒரு விரல் அகலத்துக்குத் துடைக்கச் சொன்னேன். வந்த எறும்புகள் துடைத்த விளிம்பில் நின்று மீசையை ஆட்டி ஆட்டித் தேடின, சில திரும்பி ஓடின, அப்புறம் ஒன்று எப்படியோ கடந்துபோக, கொஞ்ச நேரத்தில் பழையபடி வரிசை சேர்ந்துவிட்டது. "சோப்புத் தண்ணில துடைச்சா?" என்று அவளே கேட்டாள். பதிலை உடனே கையில் திணிப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு என்பேன்.

பதில் நமக்கே தெரியாமல் போவதில் தப்பில்லை, "தெரியாது, போய்ப் படி" என்று அனுப்பிவிடுவதுதான் தப்பு. பறவையியலாளர் சாலிம் அலி 1896-இல் பம்பாயில் பிறந்தவர், பெற்றோரை இழந்து மாமா வீட்டில் வளர்ந்தவர். பத்து வயது வாக்கில் ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன குருவி என்று மாமாவிடம் கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலர் மில்லார்டுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துப் பையனை அனுப்பினார். மில்லார்டு அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு விடாமல், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை எல்லாம் அலமாரி அலமாரியாகத் திறந்து காட்டினார். அந்த மாமா செய்தது நம் யாராலும் முடியும். பக்கத்துக் கல்லூரியில் ஒரு விலங்கியல் ஆசிரியர் இருப்பார், ஊரில் பறவை பார்க்கிறவர்கள் இருப்பார்கள், கூட்டிப் போக வேண்டியதுதான்.

குப்பை பண்ணுகிறாள், நேரத்தை வீணாக்குகிறாள் என்று திட்டுவது இன்னொன்று. சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குட்டால் நாலு வயதில், முட்டை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கோழிக்கூண்டுக்குள் மணிக்கணக்கில் ஒளிந்திருந்தார். வீடே பதறித் தேடியிருக்கிறது. உடம்பெல்லாம் வைக்கோலோடு ஓடிவந்த மகளை அம்மா அடிக்கவில்லை, உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டார். 1960-இல் ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டில், சிம்பன்சிகள் பக்கத்தில் விடும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, அவை புல் குச்சியைக் கரையான் புற்றில் விட்டுக் கரையான் பிடித்துத் தின்பதைப் பதிவு செய்தவரும் அதே பெண்தான்.

மதிப்பெண் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு செய்கிறோம். கணக்கில் மார்க் குறைந்தால் "உனக்கெல்லாம் சயின்ஸ் வராது" என்று முடித்துவிடுகிறோம். சாலிம் அலியும் கல்லூரி முதல் வருடத்தில் திணறிப் படிப்பை விட்டு பர்மாவுக்குப் போனவர்தான். ஆனால் ஆர்வம் மட்டும் போதும், பட்டம் எதற்கு என்று சொல்வதும் பொய். பட்டம் இல்லாததால் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பறவையியலாளர் வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. பெர்லினுக்குப் போய்ப் பயிற்சி எடுத்து 1930-இல் திரும்பியபோது இருந்த அருங்காட்சியக வேலையும் போயிருந்தது. கையில் வேலை இல்லாத அந்த நாட்களில்தான் கிஹிம் கடற்கரை ஊரில் தூக்கணாங்குருவிக் கூடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஆண் பாதிக் கூடு கட்டும், பெண் வந்து சோதித்துப் பிடித்தால் குடியேறும், ஆண் அடுத்த கூட்டுக்குப் போய்விடும் என்று எழுதினார்.

கடைசியாக, பிளஸ் டூ. அறிவியல் பிடித்த பிள்ளைக்கு நீட், ஜேஇஇ என்ற இரண்டு வாசலை மட்டும் காட்டுகிறோம். ஐசர் (IISER) என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் ஐந்தாண்டு பிஎஸ்-எம்எஸ் படிப்பு இருக்கிறது, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. புவனேசுவரத்தில் நைசர் (NISER) என்று இதேபோல ஒரு நிறுவனம் இருக்கிறது, அதற்கு நெஸ்ட் (NEST) என்ற நுழைவுத் தேர்வு. சாதாரண பிஎஸ்சி, எம்எஸ்சி வழியாகவும் ஆராய்ச்சிக்குப் போகலாம், பிஎச்டியில் மாதாமாதம் உதவித்தொகை கிடைக்கவும் வழி உண்டு, ஆனால் வருடங்கள் கூடும். அதையும் மறைக்காமல், பத்தாவது முடிந்து பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும் முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.