பழைய எரிமலைப் படத்தில் இருப்பது நிஜ நிறமா, பூசிய நிறமா?

1944 மார்ச்சில் இத்தாலியின் வெசூவியஸ் வெடித்ததைக் காட்டும் கலர் வீடியோ ஒன்று கண்ணில் பட்டால், உடனே பகிர்ந்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் கோடாக் நிறுவனத்தின் 16 மி.மீ. கோடாக்ரோம் என்ற கலர் படச்சுருள் இருந்தது (1935-லேயே வந்துவிட்டது), அதனால் கலர் என்பதற்காகவே பொய் என்று ஒதுக்கவும் வேண்டாம்.

முதலில் லாவாவைப் பாருங்கள். சான் செபாஸ்தியானோ ஊருக்குள் புகுந்த லாவாவின் முகப்பு பகலில் சாம்பல் நிறக் கற்குவியல் மாதிரிதான் தெரியும், ஏதாவது ஒரு துண்டு உடைந்து உருளும்போது மட்டும் உள்ளே இருக்கும் செம்மஞ்சள் ஒரு கணம் மின்னி, அப்புறம் மங்கி அணையும். அந்த ஒரு கணத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், அவ்வளவு அழகு. குவியல் முழுக்க ஒரே ஆரஞ்சாக இருந்தால் பின்னால் மென்பொருள் பூசியது என்று சந்தேகப்படலாம்.

அடுத்து இரவுக் காட்சி. கோடாக்ரோம் வெளிச்சத்தை மிக மெதுவாக வாங்கும் சுருள், அதனால் நெருப்பு மட்டும் பதிந்து சுற்றிலும் கும்மிருட்டாக இருக்கும். பச்சை மரம், நீல வானம் எல்லாம் தெரிந்தால் நம்பாதீர்கள்.

சத்தத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, உறுமல் பெரும்பாலும் பிற்பாடு சேர்த்தது.

அசல் சுருளே கையில் கிடைத்தால் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் தேடுங்கள், அது கோடாக்கின் ஆண்டுக் குறி. ஆனால் 20 ஆண்டுக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும், 1944-ஐ 1964 என்று படித்துவிடாதீர்கள்.